வள்ளத்து இன்ஜினில் கியர் தேய்ந்தது. "தண்ணீர் புகுந்தது, வாரண்டி கிடையாது" என்கிறார் டீலர்

கேள்வி: ஐயா, இடிந்தகரையில் ஃபைபர் வள்ளம் வைத்துத் தொழில் செய்கிறோம். அப்பா பெயரில் வாங்கிய அவுட்போர்டு இன்ஜினுக்கு (வள்ளத்தின் பின்புறம் வெளியே மாட்டுவது) இரண்டு வருட வாரண்டி. 14 மாதம்தான் ஆகிறது. இப்போது கியர் பாக்ஸில் கடகடவென்று சத்தம். வேகம் கூட்டினால் முன் கியர் நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. நாகர்கோவில் டீலர் பிரித்துப் பார்த்துவிட்டு, "தண்ணீர் புகுந்திருக்கு, உங்க கவனக்குறைவு. தொழிலுக்கு வாங்கின இன்ஜின், நுகர்வோர் கோர்ட்டுக்கும் போக முடியாது" என்கிறார். என்ன வழி?

பதில்: கோர்ட்டைப் பற்றி அவர் சொன்னது சரியல்ல. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(7)-இன் விளக்கத்தைப் படியுங்கள். சுயதொழில் செய்து பிழைக்க மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது. உதவிக்கு ஓரிரு ஆட்கள் வைத்திருந்தாலும் இந்தப் பாதுகாப்பு போகாது என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் தெளிவாக்கிவிட்டது. நான்கைந்து வள்ளம் வைத்துக் கூலிக்கு ஆள் விட்டு ஓட்டினால் கதை வேறு. பில் அப்பா பெயரில் இருப்பதும் தடையில்லை. வாங்கியவர் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான்.

உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் சட்டத்தில் இல்லை, பிரித்துப் போட்ட அந்த கியர் பாக்ஸில் இருக்கிறது. "தண்ணீர் புகுந்தது" என்பது பதிலே அல்ல. எந்த வழியாகப் புகுந்தது என்பதுதான் கேள்வி. கழுவித் துடைப்பதற்குள் போய்ப் பாருங்கள், முடிந்தால் வெளி மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு.

முதலில், கியர் பாக்ஸிலிருந்து வடித்த ஆயிலைப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்தது உண்மை. ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒட்டி வையுங்கள். வடிகால் திருகில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம். நகத்தில் தட்டுப்படும் செதிலோ கியர் பல் துண்டோ இருந்தால் உள்ளே உடைந்திருக்கிறது.

அடுத்து ப்ரொப்பல்லரைக் கழற்றி, அது மாட்டியிருக்கும் தண்டான ஷாஃப்ட்டைப் பாருங்கள். தங்கூசி (நைலான் மீன்பிடி நரம்பு) சுற்றி, தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலை அறுத்திருந்தால் டீலர் சொல்வது நியாயம். அதற்கு வாரண்டி கேட்டு அலையாதீர்கள். நம் கரையில் அதிகம் நடப்பதும் இதுதான். தங்கூசி இல்லை, சீலின் உதடு (உள் ஓரம்) மடங்கிப் பொருந்தியிருக்கிறது என்றால் அது பொருத்தியவர் குறை. ஆயில் திருகுகளின் வாஷரையும் விடாதீர்கள். ஆயில் மாற்றும்போது புது வாஷர் போடாமல் பழையதையே முடுக்கினால் அங்கேயும் தண்ணீர் இறங்கும். சர்வீஸ் டீலர் கையில்தான் நடந்தது என்றால், பிரிவு 2(11)-இன்படி அது சேவைக் குறைபாடு.

பல்லில் துரு இல்லாமல், ஆயிலும் தெளிவாக இருந்து, பல்லின் ஒரு ஓரத்தில் மட்டும் குழி விழுந்திருந்தால் ஷிம் (கியர்களின் இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடு) அளவு தவறியிருக்க வாய்ப்பு அதிகம். இதற்கு முன் யாரும் திறக்காத கியர் பாக்ஸ் என்றால் அது தயாரிப்புக் குறை.

கியர் நழுவுவது தனிச் சங்கதி. கியரைத் தண்டோடு கோத்துப் பிடிக்கும் டாக் கிளட்ச்சின் முனைகள் மழுங்கினால்தான் பெரும்பாலும் அப்படி நடக்கும். தண்ணீர் மட்டும் அதைச் செய்யாது. கியர் லீவரைத் தயங்கித் தயங்கித் தள்ளினாலும் மழுங்கும், லீவரிலிருந்து கியருக்குப் போகும் ஷிஃப்ட் கேபிளைச் சரியாக அளவு வைக்காவிட்டாலும் மழுங்கும். கேபிளை யார் பொருத்தினார்கள், பிறகு யார் தொட்டார்கள் என்று ஜாப் கார்டில் (டீலரின் வேலைப் பதிவுச் சீட்டு) தேடுங்கள். "வாடிக்கையாளர் கவனக்குறைவு" என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கடல் அவசரத்துக்குக் காசு கட்டி மாற்றியே ஆக வேண்டுமென்றால், "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கட்டுங்கள். பழைய கியர், சீல், பேரிங் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

வாரண்டி மறுப்பை எழுத்தில் கேட்டு, டீலருக்கும் தயாரிப்பாளருக்கும் 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்புங்கள். சட்டப்படி கட்டாயமில்லை, ஆனாலும் நல்லது. பிறகு இருவரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துத் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். நீங்கள் குடியிருக்கும் இடம் போதும், நாகர்கோவிலுக்கு அலைய வேண்டாம். இன்ஜின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. மனுப் போட பிரிவு 69-இன் கெடு இரண்டு ஆண்டு. சத்தம் தொடங்கிய நாளிலிருந்தே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், மறுப்புக் கடிதம் வந்த நாளை நம்ப வேண்டாம்.

மனுவோடு சேர்த்தே, கியரைச் சோதனைக்கு அனுப்பும்படி பிரிவு 38(2)(இ)-இன் கீழ் கேளுங்கள். சோதனைக் கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டிவரும். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியின் இயந்திரவியல் துறையிலிருந்து நிபுணர் ஒருவரை நியமிக்கவும் வேண்டலாம்.

கியர் ஆயில் வாங்கிய பில்கள் உங்களிடம் இருக்கின்றனவா? பொதுவாக 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். உங்கள் கையேட்டில் உள்ள கணக்குதான் செல்லும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் கேட்பார். தொழில் இழப்புக்கு, பழுதுக்கு முந்தைய மாதங்களில் மீன் ஏலம் விட்ட சீட்டுகளைத் திரட்டுங்கள். வழியில் சமரசம் பேசினால், புதுக் கியர் செட்டுக்கு வாரண்டி எத்தனை மாதம் என்பதையும் எழுதி வாங்காமல் மனுவைத் திரும்பப் பெறாதீர்கள்.