வானம் பார்த்த பண்ணை: சில கேள்விகள், என் பதில்கள்

பர்மாவின் நடுவே, மாக்வே பக்கத்து வறண்ட சீமையில், ஒரு மானாவாரி ஆராய்ச்சிப் பண்ணையைப் பல வருடம் பார்த்துக்கொண்டவன் நான். நம் பிள்ளைகள் கேட்டவற்றுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பெகுவிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, நாங்கள் நெல் விளையும் ஊர்க்காரர்கள். மியிங்யான் பக்கம் ஒரு பண்ணையில் வேலை கிடைத்திருக்கிறது. போனதும் முதலில் எதைக் கவனிக்கட்டும்?

மழைமானியை, தம்பி. தினமும் காலையில் ஒரே நேரத்தில், முடிந்தால் ஒரே ஆள் பார்த்து எழுத வேண்டும். மழை இல்லாத நாளிலும் 0 என்று எழுதுங்கள். வெறும் கட்டமாக விட்டால், மழை பெய்யவில்லையா, ஆள் போய்ப் பார்க்கவில்லையா என்று ஆறு மாதம் கழித்து யாருக்கும் தெரியாது.

உங்கள் ஊரில் மழை கொட்டும். அங்கே வருடம் முழுக்கச் சேர்த்தாலும் சில இடங்களில் 600 மில்லிமீட்டர்தான் தேறும். அதுவும் மே, ஜூனில் ஒரு வாட்டி, செப்டம்பர், அக்டோபரில் ஒரு வாட்டி என்று இரண்டாகப் பிரிந்து வரும். நடுவே ஜூலையில் காய்ந்துவிடும். மொத்த மழையைவிட, இரண்டு மழைக்கு நடுவே எத்தனை நாள் இடைவெளி என்பதே பயிரின் தலையெழுத்து. அந்த இடைவெளியைச் சொல்வது நீங்கள் எழுதும் 0-க்கள்தான். ஒரு ஏக்கரில் 10 மில்லிமீட்டர் பெய்தால் ஏறக்குறைய 40,000 லிட்டர் தண்ணீர். அதில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்கியது, எவ்வளவு வரப்பைத் தாண்டி ஓடியது என்பதை மழை விட்டதும் நடந்து போய்ப் பாருங்கள்.

தட்டோனிலிருந்து ஒரு தங்கை: ஐயா, நிலம் சரிவாக இருக்கிறது. எள் ரகங்களை ஒப்பிடப் பாத்திகளை எப்படிப் பிரிப்பது?

மேட்டில் பாத்திகளின் ஒரு தொகுதி, நடுவில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என்று சரிவுக்குக் குறுக்கே போடம்மா. ஒவ்வொரு தொகுதியிலும் எல்லா ரகமும் இருக்க வேண்டும், இடத்தைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய். ஓர வரிசைகளை மகசூலில் சேர்க்காதே. அப்புறம், களையெடுப்பைப் பாதித் தொகுதியோடு நிறுத்தாதே. பொழுது சாய்ந்துவிடும் போலிருந்தால் அந்தத் தொகுதியை மறுநாளே தொடங்கு. எள்ளுக்குத் தண்ணீர் தேங்கினால் ஆகாது, பள்ளத்தில் வடிகால் வை.

மாந்தலேயிலிருந்து: அறுவடையில் அதிகம் கோட்டை விடுவது எங்கே?

கட்டில் வைக்கும் அடையாளச் சீட்டில். ஒரு வருடம் எள்ளை அறுத்துக் கட்டி, களத்தில் நிறுத்திக் காயவைத்தோம். ஒவ்வொரு கட்டிலும் பேனாவால் எழுதிய அட்டை. நான்கு நாள் வெயில், ஒரு இரவு தூறல். காலையில் போனால் அட்டைகள் எல்லாம் வெளிர்நீலக் கறை, ஒரு எண்ணும் இல்லை. ஒரு போகத்து உழைப்பு, எது எந்த ரகம் என்று தெரியாமல் ஒரே குவியலாகிவிட்டது. இன்னும் நெஞ்சில் நிற்கிறது. அன்றிலிருந்து பென்சில்தான். பென்சில் எழுத்து வெயிலுக்கும் தண்ணீருக்கும் அசையாது. கட்டுக்கு வெளியே ஒரு சீட்டு, உள்ளே ஒரு சீட்டு. எள் காய் வெடிக்கும் முன்பே, கீழ்க் காய்கள் மஞ்சளிக்கும்போதே அறுத்துவிடுங்கள். கட்டுக்கு அடியில் துணி விரித்துவிட்டால், உதிர்கிற எள்ளும் அந்தப் பாத்தியின் கணக்கில் சேரும்.

ரங்கூனிலிருந்து ஒரு பருப்பு வியாபாரி: பண்ணையில் கொடுத்த துவரை விதை இரண்டு வருடத்தில் கலப்படமாகிறதே, ஏன்?

யாரும் ஏமாற்றவில்லை, தேனீ செய்த வேலை. துவரை தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், ஆனால் தேனீ பக்கத்து ரகத்தின் மகரந்தத்தையும் கொண்டுவந்துவிடும். தாய் விதைக்கான, அதாவது அடுத்த விதைப்புக்கு விதை எடுக்கும், செடிகளைப் பூ விரியும் முன் வலையால் மூட வேண்டும். இல்லையென்றால் மற்ற ரகங்களிலிருந்து நன்றாகத் தள்ளி விதைக்க வேண்டும். விவசாயி வீட்டு விதையையே தொடர்ந்து போடலாம், ஆனால் சில வருடத்துக்கு ஒரு முறை பண்ணையிலிருந்து புது விதை வாங்கட்டும்.

அதே வியாபாரி: நிலக்கடலையில் பூஞ்சை நஞ்சு வருவது கிடங்கினாலா?

பாதி வயலிலேயே தொடங்கிவிடுகிறது. காய் முற்றும் கடைசி வாரங்களில் மண் காய்ந்து சூடேறினால் பூஞ்சை உள்ளே போகும். அந்த வாரங்களில் மழை இல்லாமல் போன பாத்திகளின் கடலையைத் தனிச் சாக்கில் கட்டி, சீட்டில் அதை எழுதிவையுங்கள். பிடுங்கியதும் காய் மேலே பார்த்தபடி செடியைக் கவிழ்த்துக் காயவைத்து, உடைந்த காய்களைப் பொறுக்கித் தள்ளுங்கள். குலுக்கினால் பருப்பு கடகடவென்று ஓசை தரும்வரை சாக்கில் போட வேண்டாம்.