தெருவை அளந்துவிட்டுக் காரைத் தேடுங்கள்

‘செகண்ட் கார்’ வாங்க வேண்டும் என்று எழுதுகிறவர்களில் பாதிப் பேருக்கு அது வீட்டுக்கு வரும் இரண்டாவது கார்; மீதிப் பேருக்கு இன்னொருவர் ஓட்டிக் கைமாறும் பழைய கார். பல வீடுகளில் இரண்டும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. இந்த முறை வந்த கடிதங்களில், நகரத்துக்குள் தினசரி ஓட்டுவதற்கான சின்னக் கார் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். கொடைக்கானல் மலையும் ஏற வேண்டும், ஏழு பேரும் உட்கார வேண்டும், ஐந்து லட்சத்துக்குள்ளும் முடிய வேண்டும் என்று கேட்டிருந்த திண்டுக்கல் அன்பருக்கு மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் கேட்பது கார் அல்ல, வரம்.

வீட்டில் பெரிய எஸ்யூவி இருக்கிறது, அது கணவருக்கு. நான் மடிப்பாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூருக்குத் தினமும் போய்வருகிறேன், இதுவரை ஸ்கூட்டரில். இப்போதுதான் கார் ஓட்டக் கற்றிருக்கிறேன். கியர் மாற்றத் தேவையில்லாத சின்னக் காராக வாங்கலாமா? பட்ஜெட் ஆறு லட்சம்.
- மடிப்பாக்கம் வாசகி

ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு உங்கள் வாசல் கேட்டையும் தெருவையும் அளந்துவிடுங்கள். ஆல்ட்டோ கே10 காரின் அகலம் 1,490 மி.மீ.; டியாகோவின் அகலம் 1,677 மி.மீ. வித்தியாசம் ஒரு சாணுக்கும் குறைவுதான். ஆனால் இரு புறமும் பைக்குகள் நிற்கும் தெருவில் எதிரே தண்ணீர் லாரி வரும்போது அந்த ஒரு சாண் எவ்வளவு பெரியது என்பது தெரியும். கண்ணாடிகளுக்கு இரண்டு பக்கமும் கூடுதல் இடம் வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள். அடுத்து, வண்டியைத் திருப்ப எவ்வளவு இடம் தேவை என்று பாருங்கள். ஆல்ட்டோ கே10க்குத் திரும்பும் ஆரம் 4.5 மீட்டர், வேகன் ஆருக்கு 4.7 மீட்டர். முட்டுச் சந்தில் வீடு இருப்பவர்களுக்கு மைலேஜைவிட இந்த எண்தான் முக்கியம்.

கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஏஎம்டி கார் வாங்கலாம், நீங்கள் போகும் பாதைக்கு அதுதான் சரி. மேடவாக்கம் சந்திப்பிலும் மெட்ரோ பணிகள் நடக்கும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் இடது காலுக்கு ஓய்வு கிடைப்பது சிறிய விஷயம் இல்லை. ஒன்றை மட்டும் புரிந்துகொண்டு வாங்குங்கள். ஏஎம்டி என்பது உள்ளே சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்ச் உள்ளே இருக்கிறது; அதை மிதிக்கும் வேலையை உங்கள் காலுக்குப் பதிலாக ஓர் இயந்திரக் கை செய்கிறது, அவ்வளவுதான். அதனால் கியர் மாறும்போது வண்டி ஒரு நொடி மூச்சை இழுத்துவிட்டுப் போவது போலிருக்கும். ஒரு வாரத்தில் பழகிவிடும். மேம்பால ஏற்றத்தில் நெரிசலில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடியே வண்டியைப் பிடித்து நிறுத்தும் பழக்கம் வேண்டவே வேண்டாம். ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்கு அது இயல்பாக வந்துவிடும். அப்படிச் செய்தால் கிளட்ச் உள்ளுக்குள் உரசித் தேயும். பிரேக்கில் நிறுத்துங்கள்.

புதிதா, பழையதா? பொதுவாக, இப்போதுதான் ஓட்டக் கற்றவர்களுக்கு முதல் கீறல் ஏற்கெனவே விழுந்துவிட்ட காரைத்தான் சொல்வேன், மனசு உடையாது. உங்களுக்கு மட்டும் மாற்றிச் சொல்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னப் பெட்ரோல் கார்களுக்கான வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அதே ஆண்டில் ஆல்ட்டோ கே10, செலேரியோ, வேகன் ஆர் மூன்றிலும் ஆறு ஏர்பேக் எல்லா வகைகளிலும் வந்துவிட்டது. மூன்று ஆண்டு பழைய காரில் பெரும்பாலும் இரண்டுதான் இருக்கும். ஆனால் ஏர்பேக் எண்ணிக்கையை வைத்து மட்டும் மயங்கிவிடாதீர்கள். 2023இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஆல்ட்டோ கே10 இரண்டு நட்சத்திரமும் வேகன் ஆர் ஒன்றும் வாங்கின. அப்போது இருந்தவை இரண்டு ஏர்பேக் என்பது உண்மை. என்றாலும் பைகள் கூடியதால் உடல்கூடு கெட்டியாகிவிடாது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுவதே அபூர்வமான உங்கள் பாதைக்கு நான் புது ஆல்ட்டோ கே10 ஏஎம்டியை எடுப்பேன். தினமும் புறவழிச்சாலையில் போகிறவராக இருந்தால் பட்ஜெட்டைக் கூட்டி டியாகோவைப் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

இன்னொன்று. உங்கள் பகுதியில் மழைக்காலம் எப்படி என்று நான் சொல்லத் தேவையில்லை. காப்பீடு எடுக்கும்போது எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் நின்றுபோன காரை மீண்டும் ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் புகுந்த நீர் அமுங்காமல் கனெக்டிங் ராடை வளைத்துவிடும்; சாதாரண பாலிசி அந்தச் செலவை ஏற்பதில்லை. நின்றுவிட்டால் சாவியைத் தொடாதீர்கள், இழுத்துச் செல்லச் சொல்லுங்கள்.

2019 மாடல் கார் ஒன்று வருகிறது. முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, பளபளவென்று இருக்கிறது, விலையும் சந்தையைவிட ஒரு லட்சம் குறைவு. வாங்கலாமா?
- தாம்பரம் வாசகர்

பளபளப்பும் ஒரு லட்சம் குறைவும் சேர்ந்து வந்தால் எனக்கு வெள்ளம்தான் நினைவுக்கு வரும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய கார்களைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மூழ்கியவை இப்போது மூன்றாவது கைக்கு வந்துகொண்டிருக்கின்றன. உங்களுக்கு வருவது அப்படிப்பட்டதா என்பது எனக்குத் தெரியாது. நீங்களே பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம்.

சீட் பெல்ட்டை அது முடியும்வரை முழுதாக வெளியே இழுங்கள். கழுவுகிறவர்கள் வெளியே தெரியும் ஒரு முழம் பெல்ட்டைத்தான் கழுவுவார்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் தண்ணீர் நின்ற மட்டம் பழுப்புக் கோடாகத் தெரியும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி, அதன் அடியில் இருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். முன் இருக்கைகளை முழுதும் பின்னால் தள்ளிவிட்டு அவற்றின் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். தரை விரிப்பின் ஓரத்தைத் தூக்கி மூக்கை வையுங்கள். வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்திருந்தால் அதுவே ஒரு பதில். ஒருமுறை நண்பருக்காகப் பார்க்கப் போன காரில் எல்லாமே சுத்தமாக இருந்தது. ஃப்யூஸ் பெட்டி மூடியைத் திறந்தபோது மூலையில் காய்ந்த வண்டல் ஒரு சிட்டிகை. தரகர் அதைத் தூசி என்றார். அவ்வளவு நல்ல தூசியில் நெல்லே விதைக்கலாம்.

முப்பதாயிரம் கிலோமீட்டர் என்பதையும் மீட்டரிடம் கேட்காதீர்கள், டயரிடம் கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். கார் 2019, நான்கு டயர்களும் 2022 என்றால், முப்பதாயிரத்துக்குள் ஒரு செட் டயர் எப்படித் தேய்ந்தது என்று கேளுங்கள். பிரேக் பெடல் ரப்பர், ஸ்டியரிங் உறை, ஓட்டுநர் இருக்கையின் வலது ஓரம் ஆகியவற்றுக்கும் பொய் சொல்லத் தெரியாது. கம்பெனி சர்வீஸ் மையத்தில் வண்டியின் எண்ணைக் கொடுத்து, ஒவ்வொரு சர்வீஸிலும் பதிவான கிலோமீட்டரை எடுத்துத் தரும்படி உரிமையாளரையே கேட்கச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் நீங்கள் தயங்க வேண்டாம், வந்துவிடுங்கள்.

சரவணம்பட்டியிலிருந்து காந்திபுரம் போய்வரத் தினமும் 16 கிலோமீட்டர். 2014 மாடல் டீசல் ஸ்விஃப்ட் மூன்று லட்சத்துக்கு வருகிறது. மைலேஜ் கிடைக்குமே என்று ஆசை.
- கோவை வாசகர்

ஆசையைக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். ஞாயிறு ஊர்சுற்றலையும் சேர்த்து ஆண்டுக்கு ஐயாயிரம் கிலோமீட்டர். நகரத்துக்குள் பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கொடுக்கும், டீசல் 18 கொடுக்கும்; பெட்ரோல் நூறு ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோலுக்கு ஆண்டுக்கு சுமார் 33,300 ரூபாய், டீசலுக்கு 25,600 ரூபாய். மிச்சம் எட்டாயிரத்துக்குள். பத்து வயது தாண்டிய டீசல் வண்டியில் ஓர் இஞ்செக்டரோ டர்போவோ மக்கர் செய்தால் அந்த மிச்சம் முழுவதும் ஒரே மதியத்தில் போய்விடும்.

அந்த 1.3 லிட்டர் எஞ்சின் அருமையானது; அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அது சேலம் நெடுஞ்சாலைக்குப் பிறந்தது. மாருதியே 2020 ஏப்ரலோடு டீசலைக் கைவிட்டது. தவிர, 2029இல் பதிவு பதினைந்து ஆண்டைத் தொட்டுவிடும். புதுப்பிப்பதற்குத் தகுதிச் சோதனை, பசுமை வரி எல்லாம் உண்டு. அதைவிடப் புதிய, பிஎஸ்6 என்ற புகை விதிக்கு ஏற்பச் செய்த டீசல் பார்க்கலாமா என்று அடுத்து எழுதுவீர்கள். அதில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. நீண்ட தூரம் சூடாக ஓடினால்தான் அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். காந்திபுரம் சிக்னல்களில் அடைத்துக்கொள்ளும். பெட்ரோலில் ஒரு பழைய கிராண்ட் ஐ10 தேடுங்கள்.

மின்சார கார் இரண்டாவது காராகச் சரிவருமா? சொந்த வீடு, தினமும் 30 கிலோமீட்டர்.
- மதுரை வாசகி

மின்சார கார் சரியாகப் பொருந்தும் வீடு உங்களுடையதுதான். தூரப் பயணத்துக்கு முதல் கார் இருக்கிறது; இரவில் சார்ஜ் போடச் சொந்த வாசல் இருக்கிறது. டியாகோ இவி 19.2, 24 யூனிட் என இரண்டு பேட்டரி அளவில் அறிமுகமானது. உங்களுக்குச் சின்னதே போதும். எம்ஜி காமெட்டின் பேட்டரி 17.3 யூனிட். மூன்று மீட்டருக்கும் குறைந்த நீளம், எங்கும் நுழையும். ஆனால் இரண்டே கதவு, பின் இருக்கைக்கு முன் இருக்கையை மடக்கித்தான் போக வேண்டும். மாமியாரைக் கோயிலுக்கு அழைத்துப்போகும் பொறுப்பு உங்களுக்கு உண்டென்றால் காமெட் வேண்டாம்.

மின் கட்டணத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் என்று கொண்டால், இரண்டு மாதத்துக்கு சுமார் 250 யூனிட் கூடும். இப்போது 350 யூனிட்டில் இருக்கும் வீடு 500ஐத் தாண்டிவிடும். தாண்டினால் விகிதமே மாறும். அப்படியும் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் விழுந்தாலும் 2,500 ரூபாய்தான். அதே 1,800 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 12,000 ரூபாய் கேட்கும். பில் வந்ததும் பதறாமல் இருக்கத்தான் இதைச் சொல்கிறேன். 15 ஆம்பியர் பிளக்குக்கு மீட்டரிலிருந்து தனி ஒயர் இழுத்து, எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்த்துவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஒருபோதும் போடாதீர்கள். பழைய மின்சார கார் வாங்கினால், பேட்டரி காரோடு விற்கப்பட்டதா, ஓடும் கிலோமீட்டருக்கு வாடகை கட்டும் திட்டத்தில் எடுத்ததா என்று கேளுங்கள்.

புதுச்சேரிப் பதிவெண் கார் மலிவாக வருகிறது. கடலூரில் ஓட்டலாமா?
- கடலூர் வாசகர்

ஓட்டலாம், தமிழ்நாட்டு ஆயுள் வரியைக் கட்டிய பிறகு. மலிவு என்று நீங்கள் பார்ப்பதில் ஒரு பங்கு அந்த வரிதான். புதுச்சேரியில் தடையில்லாச் சான்று வாங்கி, கடலூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வரி கட்டிப் புது எண் பெற வேண்டும். அந்தத் தொகையை முதலில் விசாரித்து, காரின் விலையோடு கூட்டிப் பாருங்கள். ஆர்.சி.யில் வங்கிக் கடன் இன்னும் பதிவாகியிருந்தால் கடன் முடிந்தது என்று வங்கி ஒப்பமிடும் படிவம் 35 கைக்கு வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

முதல் காரில் 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் இருக்கிறது. இரண்டாவது காருக்கும் கிடைக்குமா?
- சேலம் வாசகர்

கிடைக்காது. காப்பீட்டில் இழப்பீடு கேட்காமல் இருந்ததற்குக் கிடைக்கும் இந்தத் தள்ளுபடி உங்களுடையது என்றாலும் ஒரு நேரத்தில் ஒரு காருக்குத்தான். முதல் காரை விற்றால் அதைப் புதியதற்கு மாற்றிக்கொள்ளலாம்.

அப்பாவுக்கு 68 வயது, மூட்டுவலி. நெல்லைக்குள் மட்டும் ஓட்டுவார்.
- திருநெல்வேலி வாசகி

வேகன் ஆர். அதன் இருக்கை உயரத்தில் குனியவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம். நாற்காலியில் உட்காருவது போல உட்காரலாம். அப்பாவையே அழைத்துப்போய்ப் பத்து முறை ஏறி இறங்கச் சொல்லிவிட்டு முடிவெடுங்கள். வாரத்துக்கு ஒரு நாள்தான் எடுப்பார் என்றால் எலி ஒயரைக் கடிக்கும். புகையிலைப் பொட்டலம் கட்டித் தொங்கவிடும் வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை; ஒருநாள் விட்டு ஒருநாள் வண்டியை எடுப்பதும், இரவில் பானட்டைத் திறந்து வைப்பதும்தான் நான் பலன் கண்டவை.

நானோ ஒன்று எண்பதாயிரத்துக்கு வருகிறது. சிரிக்காமல் பதில் சொல்லவும்.
- திருச்சி வாசகர்

சிரிக்கவில்லை. தெப்பக்குளம் சந்துகளுக்கு அதைவிடப் பொருத்தமான கார் இன்றுவரை வரவில்லை; நான்கு மீட்டர் ஆரத்தில் திரும்பும். ஆனால் 2018இல் உற்பத்தி நின்றுவிட்டது, 2014 மோதல் சோதனையில் ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. மாநகர எல்லையைத் தாண்டாமல் ஓட்டுவீர்கள் என்றால், பவர் ஸ்டியரிங் உள்ள 2014க்குப் பிந்தைய மாடலாகவும், அதை அறிந்த மெக்கானிக் உங்கள் பகுதியில் இருப்பதாகவும் பார்த்து வாங்குங்கள். பெட்ரோல் பங்கில் ஊழியர் பின்பக்கம் போய்த் தேடினால் முன்னால் அழைத்து வாருங்கள்: எஞ்சின் பின்னால், பெட்ரோல் மூடி முன் பானட்டுக்குள்.