இலங்கையின் அட்டனிலிருந்து நியூசிலாந்துக்குக் கூடாரப் பயணம்: வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாமா?

கறிவேப்பிலை, பழம், தேன் மூன்றையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள், அனுமதி கிடைக்காது. தேயிலை, வறுத்த கறித்தூள் போன்றவற்றைக் கடைப் பொதியிலேயே, பெயர் தெரியும்படி கொண்டுபோங்கள். அம்மா கட்டிக்கொடுக்கும் சம்பல் போத்தல் உட்பட, உணவு எதுவானாலும் வருகைப் படிவத்தில் அறிவித்தே ஆக வேண்டும். அறிவித்தால், மிஞ்சிப்போனால் அந்தப் பொருளை எடுத்துக்கொள்வார்கள். அறிவிக்காவிட்டால், பையில் மறந்துபோன ஓர் ஆப்பிளுக்குக்கூட 400 நியூசிலாந்து டொலர் அபராதம்.

பலரும் கழுவ மறப்பது கூடாரத்தைத்தான். தேயிலை மலையின் சிவப்பு மண் முளைக்குச்சிகளிலும் சப்பாத்தின் அடிப்பள்ளங்களிலும் அப்பிக் காய்ந்திருக்கும். அந்த மண்ணில் விதையும் நோய்க்கிருமியும் போகும் என்பதால் அங்கே அதையும் சோதிப்பார்கள். பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து மடியுங்கள். கூடாரத்தையும் சப்பாத்தையும் படிவத்தில் குறிப்பிடுங்கள்.