வளையத்தை இழுப்பது யார்?

கேள்வி: பாக்டீரியா இரண்டாகப் பிரியும்போது நடுவில் ஒரு புரத வளையம் உருவாகி, சுருக்குப் பையின் நாடாபோல இறுக்குகிறது என்று படித்தேன். அந்த நாடாவை இழுப்பது யார்? (கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: நல்ல கேள்வி. நானும் பல வருடம் வகுப்பில் சுருக்குப் பையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை.

அந்த வளையத்தின் புரதத்துக்கு எஃப்டிஎஸ்இசட் என்று பெயர். நம் செல்களுக்குள் சட்டகம்போல நிற்கும் டியூபுலின் என்ற புரதத்துக்கு உறவு. அது செல்லின் நடுவில் வளையமாக நிற்பதை 1991-ல் பீ, லட்கென்ஹாஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஈ. கோலை என்ற பாக்டீரியாவில் காட்டினார்கள். இந்தப் புரதம் பழுதுபட்ட ஒரு ஈ. கோலை வகை உண்டு. 30 டிகிரியில் ஒழுங்காகப் பிரியும். 42 டிகிரியில் பிரியாது, ஆனால் வளர்வதை நிறுத்தாது. மைக்ராஸ்கோப்பில் அதை முதன்முதலாகப் பார்த்த நாள் எனக்கு மறக்கவில்லை. குட்டைக் குச்சியாக இருக்கவேண்டியது நூல்போல நீண்டு கிடந்தது. டிஎன்ஏவுக்குச் சாயம் ஏற்றியிருந்ததால் அதற்குள் வரிசையாக நீலப் பொட்டுகள். டிஎன்ஏ பிரதியெடுத்துப் பிரிந்தாயிற்று, நடுவில் தடுப்பு மட்டும் ஒன்றுகூட எழவில்லை.

சரி, வளையம் என்ன செய்கிறது? அது முழு வட்டமான ஒரே கயிறு இல்லை. சவ்வின் உள்பக்கம் ஒட்டிக்கொண்ட பல குட்டை இழைகள். ஜிடிபி என்ற மூலக்கூறைச் செலவழித்து, ஒவ்வொரு இழையும் ஒரு முனையில் வளர்கிறது, மறு முனையில் உதிர்கிறது. சேற்றைக் கடக்க நாலைந்து பலகைகளை வைத்துக்கொண்டு, பின்னால் உள்ளதை எடுத்து முன்னால் போட்டுப் போட்டு நடப்போமே, அதேதான். கிடக்கும் பலகை எதுவும் நகர்வதில்லை, பாதை நகர்கிறது. வேகம் நொடிக்குச் சுமார் 30 நானோமீட்டர். ஒரு மைக்ரான் குறுக்களவுள்ள செல்லைச் சுற்றிவர இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும்.

2017-ல் வந்த இரண்டு ஆய்வுகள்தான் என் மனத்தை மாற்றின. செல் சுவர் கட்டும் நொதிகள் இந்த இழைகளோடு சேர்ந்தே சுற்றுகின்றன என்று அவை காட்டின. கொத்தனார் போகவேண்டிய வழியை இழை காட்டுகிறது. அவர் சுற்றிச் சுற்றி உள்நோக்கிச் சுவர் எழுப்புகிறார். ஓட்டை நாலு பக்கமும் குறுகிக் கடைசியில் அடைபடுகிறது. செல்லுக்குள் வெளிநோக்கித் தள்ளும் அழுத்தம் பல வளிமண்டல அளவு இருக்கும். அதை எதிர்த்து மெல்லிய இழைகள் மட்டும் இழுத்து வெல்வது கடினம்.

இன்னொரு சான்று செஃபலெக்சின் மருந்து. இது நடுச்சுவர் கட்டும் நொதியைத்தான் முடக்குகிறது, எஃப்டிஎஸ்இசட்டைத் தொடுவதில்லை. வளையம் உருவாகிறது, ஆனால் செல் பிரியாமல் நீண்டுகொண்டே போகிறது. கொத்தனார் இல்லாமல் வழி மட்டும் இருந்து என்ன பயன்?

ஆக, ஈ. கோலையைப் பொறுத்தவரை உங்கள் நாடாவை யாரும் பெரிதாக இழுக்கவில்லை என்றுதான் சொல்வேன். அதற்காக இழைக்கு இழுவிசையே கிடையாது என்று எழுதிவிடாதீர்கள். 2008-ல் எரிக்சன் குழுவினர், சவ்வில் ஒட்டும்படி மாற்றிய எஃப்டிஎஸ்இசட்டைச் சுவரே இல்லாத கொழுப்புக் குமிழிக்குள் விட்டுப் பார்த்தார்கள். வளையங்கள் தாமாகவே கூடின. அவை இருந்த இடத்தில் குமிழி லேசாக இடுங்கியது.