டைம்லைன் திணறுகிறது, எக்ஸ்போர்ட்டில் சிஸ்டம் அணைகிறது: கிராபிக்ஸ் கார்டை மாற்றலாமா?

கேள்வி: செங்கோட்டையில் சின்னதாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். தென்காசி, கடையநல்லூர் பக்கமும், மலைக்கு அந்தப்புறம் ஆரியங்காவு, புனலூர், கொட்டாரக்கரை வரையும் கல்யாண வீடியோ எடுக்கிறேன். திருவனந்தபுரத்தில் ஒரு சிஸ்டம் அசெம்பிள் செய்து வாங்கினேன். இன்டெல் ஐ7-13700எஃப், ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, 32 ஜிபி ராம், 650 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ். யூபிஎஸ் மட்டும் பழையது, 600 விஏ. எடிட்டிங் பிரீமியர் புரோவில். புதிய சோனி ஏ7 மார்க் 4 கேமராவில் எக்ஸ்ஏவிசி எச்எஸ், 4கே, 50பி, 4:2:2 10 பிட் என்று வைத்து எடுக்கிறேன். அது டைம்லைனில் விட்டுவிட்டு ஓடுகிறது. பழைய கேமராவில் எடுத்தது அதே டைம்லைனில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. இது போக, எக்ஸ்போர்ட் போட்டால் பாதியில் எல்லாம் அணைந்துவிடுகிறது, மானிட்டர் விளக்கு உட்பட. சாயங்காலத்தில்தான் அதிகம். கடையில் கேட்டால் ஆர்டிஎக்ஸ் 4070 போடச் சொல்கிறார்கள். ஆவணி முகூர்த்தம் வருவதற்குள் வாங்கிவிடலாமா?

பதில்: இப்போது வாங்காதீர்கள். உங்கள் சிஸ்டத்தில் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறுகள். 4070 போட்டால் இரண்டில் ஒன்றுகூடத் தீராது, இரண்டாவது கோளாறு இன்னும் அதிகமாகும்.

முதலில் டைம்லைன் திணறலைப் பார்ப்போம். பழைய கேமரா ஃபுட்டேஜ் அதே மென்பொருளில், அதே டிஸ்கிலிருந்து தடங்கலில்லாமல் ஓடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காரணத்தைக் காட்டிக்கொடுப்பது இந்த வரிதான். டிஸ்க் வேகம் போதவில்லையோ என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: உங்கள் கேமரா அந்த அமைப்பில் அதிகபட்சம் நொடிக்கு 200 மெகாபிட் எழுதுகிறது. எட்டால் வகுத்தால் 25 மெகாபைட். சாதாரண ஹார்டு டிஸ்கே நொடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேல் படித்துக் கொடுக்கும். அதனால் டிஸ்க் மீது பழி போட முடியாது. (ஒரு மணி நேரத்துக்கு 90 ஜிபி ஆகிறது என்பதையும் இந்தக் கணக்கிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்க் வாங்கும்போது உதவும்.)

சிக்கல் ஃபைலைப் பிரித்துப் படிப்பதில் இருக்கிறது. எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்பது எச்.265 என்ற வீடியோ சுருக்கும் முறை. இதில் எல்லா ஃப்ரேமும் முழுப் படமாகச் சேமிக்கப்படுவதில்லை. இடையிடையே சில ஃப்ரேம்கள் மட்டும் முழுசாக இருக்கும், மற்றவற்றில் என்ன மாறியது என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். நடுவில் ஒரு ஃப்ரேமில் கர்சரை வைத்தால், முன்னும் பின்னும் உள்ள பல ஃப்ரேம்களைப் பிரித்துச் சேர்த்த பிறகுதான் அந்தப் படம் உருவாகும். இந்த வேலையைச் செய்ய கிராபிக்ஸ் சிப்புக்குள் தனியாக ஒரு டிகோடர் உண்டு. அது கைகொடுத்தால் புராசஸருக்குச் சிரமமே தெரியாது. கைவிட்டால் முழுச் சுமையும் புராசஸர் தலையில்.

டிவி, செல்போன், இணைய வீடியோ எல்லாமே பெரும்பாலும் 4:2:0 வண்ண அமைப்பில் (4:2:2-இல் உள்ள நிற விவரத்தில் பாதியைத்தான் இது சேமிக்கும்) இருப்பதால், டிகோடர்களையும் அதற்கென்றே செய்தார்கள். ஆர்டிஎக்ஸ் 30 வரிசை, 40 வரிசை இரண்டிலும் 4:2:2 எச்.265-க்கு டிகோடர் ஆதரவு கிடையாது. கடையில் சொன்ன 4070-உம் 40 வரிசைதான். என்விடியாவில் இந்த வசதி 2025-இல் வந்த 50 வரிசையில்தான் சேர்ந்தது. இன்டெல்லில் 11-ஆம் தலைமுறையிலிருந்தே புராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் இதைச் செய்கிறது. ஆனால் உங்கள் மாடல் பெயரின் கடைசியில் 'எஃப்' இருக்கிறதே, அதற்கு உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். கொஞ்சம் விலை குறைவு என்று கடைகளில் எஃப் மாடலைப் போட்டுவிடுகிறார்கள். கேம் ஆடுபவருக்கு அதனால் நஷ்டமில்லை. எடிட்டருக்கு அது பெரிய இழப்பு. எந்தக் கேமராவில் என்ன ஃபார்மட்டில் எடுக்கிறீர்கள் என்று கேட்காமல் எடிட்டிங் சிஸ்டம் கட்டிக் கொடுப்பது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதல்ல.

செலவே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. கேமராவில் 4:2:2 10 பிட் என்பதை 4:2:0 10 பிட் என்று மாற்றுங்கள். உங்கள் 3060 அதை நேரடியாகப் பிரித்துக் கொடுக்கும். தரம் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். எஸ்-லாக்கில் (பிறகு கலர் செய்ய வசதியாக வெளிறிய படமாகப் பதிவு செய்யும் முறை) எடுத்து கலர் செய்யும்போது வானத்திலும் சுவரிலும் பட்டை பட்டையாகத் தெரியாமல் காப்பது 10 பிட்தான், அது அப்படியே இருக்கிறது. பச்சைத் திரை வைத்து எடுப்பவருக்கு 4:2:2 அவசியம். கல்யாண மண்டபத்துக்கு 4:2:0 தாராளமாகப் போதும், நான் தயங்காமல் சொல்வேன். மாற்றிய பிறகு பிரீமியரின் பிரிஃபரன்சஸில் மீடியா பகுதிக்குப் போய், ஹார்டுவேர் டிகோடிங் டிக் ஆகியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும் 4:2:2 ஃபுட்டேஜுக்கு ப்ராக்ஸி, அதாவது எடிட்டுக்கு மட்டும் இலகுவான நகல் ஃபைல், போடுங்கள். ராத்திரி ஓடவிட்டால் காலையில் தயாராக இருக்கும். எடிட் ப்ராக்ஸியில் நடக்கும், எக்ஸ்போர்ட் மட்டும் ஒரிஜினலிலிருந்து போகும். இல்லை, எனக்கு 4:2:2-தான் வேண்டும் என்றால், எஃப் இல்லாத 13700 புராசஸர், அல்லது ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டு, இரண்டில் ஒன்றுக்குப் பணத்தைப் போடுங்கள். 50 வரிசை வாங்கினால் பிரீமியரையும் புதுப்பிக்க வேண்டும், பழைய பதிப்புக்கு இந்த வசதி தெரியாது.

சரி, அடுத்து எக்ஸ்போர்ட்டில் அணைவது. மானிட்டர் விளக்கும் சேர்ந்தே போகிறது என்கிறீர்கள். கேபினட்டுக்குள் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் மட்டும் கைவிட்டிருந்தால் சிபியு அணையும், மானிட்டர் 'சிக்னல் இல்லை' என்று காட்டிக்கொண்டு உயிரோடு இருக்கும். புராசஸர் சூடானாலும் அப்படித்தான், அதிலும் சூடு ஏறினால் முதலில் வேகத்தைத்தான் குறைத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே நொடியில் போகிறது என்றால் இரண்டுக்கும் பொதுவாக இருப்பது யூபிஎஸ்.

13700எஃப் முழு வேகத்தில் 219 வாட்ஸ் வரை இழுக்கும். 3060 கார்டு 170 வாட்ஸ். போர்டு, டிஸ்க், ஃபேன், மானிட்டர் எல்லாம் சேர்த்தால் 450 வாட்ஸைத் தாண்டிவிடும். 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்ஸ்தான் தாங்கும். கட் செய்து ஒட்டும்போது இந்த அளவு சுமை வராது. எக்ஸ்போர்ட்டில் புராசஸரும் கார்டும் ஒன்றாகப் பாய்கிறபோதுதான் வரும். சாயங்காலம் ஏன் அதிகம் என்றால், ஊரே விளக்கும் மோட்டாரும் போடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். யூபிஎஸ் பேட்டரிக்கு மாறும். பேட்டரியில் இருக்கும்போது அளவுக்கு மீறிய சுமையை அது ஒரு கணமும் பொறுக்காது. 4070 கார்டு 200 வாட்ஸ் கேட்கும் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

நான் சொல்வதை நம்பிப் பணம் செலவழிக்கும் முன் சோதித்துவிடுங்கள். பகல் நேரத்தில், எர்த் சரியாக உள்ள த்ரீ-பின் பிளக்கில் சிபியுவையும் மானிட்டரையும் நேரடியாகச் செருகி, தோற்றுப்போன அதே ப்ராஜெக்ட்டை எக்ஸ்போர்ட் போடுங்கள். முடிந்துவிட்டால் குற்றவாளி யூபிஎஸ்தான். அப்படியும் அணைந்தால், அணையும்போது மானிட்டர் விளக்கு எரிகிறதா என்று கவனியுங்கள். எரிந்தால் அடுத்த சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மீது. புதிய யூபிஎஸ் வாங்கும்போது விஏ எண்ணைப் பார்க்காமல், பெட்டியில் வாட்ஸ் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். உங்களுக்கு 800 வாட்ஸுக்குக் குறையாமல் வேண்டும். முடிந்தால் ப்யூர் சைன் வேவ் (பேட்டரியிலும் லைன் கரண்ட் போலச் சீரான அலை தருவது) வாங்குங்கள். இன்றைய நல்ல எஸ்எம்பிஎஸ்கள் சில, மலிவான யூபிஎஸ் பேட்டரியில் தரும் படிக்கட்டு அலையோடு ஒத்துப்போகாமல் அணைந்துவிடும்.

அதுவரை வேலை நிற்கக் கூடாது என்றால், பயாஸில் (சிஸ்டம் கிளம்பும்போது முதலில் ஓடும் போர்டின் அடிப்படை மென்பொருள்) புராசஸரின் பவர் லிமிட் இரண்டையும், நீடித்த சுமைக்கானது, குறுகிய நேரச் சுமைக்கானது இரண்டையும், 125 வாட்ஸ் என்று வையுங்கள். எக்ஸ்போர்ட் கொஞ்சம் நீளும், ஆனால் சுமை கணிசமாக இறங்கும்.

கேபினட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இருக்கிறதா? அப்படியென்றால் அந்தப் பிளக்கில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டரிலிருந்து கசியும் சிறு மின்சாரம் போக வழியில்லாமல் கேபினட்டில் நிற்கிறது. பழைய வீட்டு மாடியில் ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள் எலக்ட்ரீஷியனை அழைத்து இதை முதலில் சரிசெய்ய வேண்டும். ஐப்பசி மழையில் இடி இறங்கும் சாயங்காலங்களில் பிளக்கோடு இன்டர்நெட் வயரையும் கழற்றிவிடுங்கள், லேன் வழியாக வந்த இடியில் போர்டு போவதுண்டு.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசஸர்களில் வோல்டேஜ் தவறால் நாளடைவில் சிப் பழுதாகும் கோளாறை 2024-இல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. பயாஸ் வழியாகத் திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. உங்கள் 13700எஃப் அந்தப் பட்டியலில் இருக்கிறது. திருத்தம் இனி பழுதாகாமல் காக்கும், ஏற்கெனவே பழுதான சிப்பைச் சரிசெய்யாது. அதனால் போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து கடைசி பயாஸை எடுத்துப் போட்டுவிடுங்கள். ஆனால் புது யூபிஎஸ் வந்த பிறகு போடுங்கள், பயாஸ் ஏறும்போது கரண்ட் போனால் போர்டே கிளம்பாமல் போகலாம். பயாஸ் போட்டால் பவர் லிமிட் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், தேவையென்றால் மறுபடி வையுங்கள். அதற்குப் பிறகும் நீலத்திரையோ, பிரீமியர் காரணமில்லாமல் மூடிக்கொள்வதோ தொடர்ந்தால், திருவனந்தபுரத்துக் கடை பில்லை எடுத்துக்கொண்டு புராசஸருக்கு வாரண்டி கேளுங்கள். இதையெல்லாம் ஆடியிலேயே முடித்துவிடுங்கள். கேரளப் பக்கம் கர்க்கடகம், இந்தப் பக்கம் ஆடி, உங்களுக்குக் கை ஓய்ந்திருக்கும் மாதம் அது.