டென்ஷன் குறையுமா?

கே: ஓரிகாமி என்ற காகித மடிப்புக் கலையைச் செய்தால் டென்ஷன் குறையும், கற்பனைத் திறன் வளரும் என்கிறார்களே, உண்மையா? வீடியோ பார்த்தே கற்றுக்கொள்ளலாமா?

ப: டென்ஷன் குறையும் என்று சொன்னவர் காகிதக் கொக்கின் கழுத்து வரை வந்திருக்க மாட்டார். முதல் மடிப்பில் மூலைகள் ஒரு நூல் தள்ளிச் சேர்ந்திருந்தால் அப்போது ஒன்றும் தெரியாது, கழுத்தை உள்ளே புரட்டும்போதுதான் பாக்கி மொத்தமும் வட்டியோடு வந்து நிற்கும், நுனி கிழியும். ஆனால் அந்த நேரத்தில் கடன்காரர், மேலதிகாரி யாரும் நினைவுக்கு வரமாட்டார்கள். பழைய டென்ஷனை விரட்டப் புது டென்ஷன், அவ்வளவுதான்.

வீடியோ என்று சொல்லி என் வாயைக் கிளறிவிட்டீர்கள். முக்கியமான மடிப்பின் மேலேயே அந்த ஆளின் கட்டை விரல் உட்கார்ந்திருக்கும், "இப்படி, அப்புறம் இப்படி" என்று முடித்துவிடுவார், பாதி மடித்ததை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு மூக்கால் ரீவைண்ட் செய்ய வேண்டியதுதான். வரைபடம் பார்த்து மடித்துப் பழகுங்கள். ஜப்பானிய ஓரிகாமி மேதை அகிரா யோஷிசாவா வகுத்த கோடும் அம்புக்குறியும்தான் சிறு மாற்றங்களோடு இன்றும் உலகம் முழுக்க ஓடுகிறது. உள்ளே குழியும் பள்ளத்தாக்கு மடிப்புக்குச் சிறு கோடுகள், முகடாக மேலே எழும் மலை மடிப்புக்கு அந்தக் கோடுகளின் இடையிடையே புள்ளி. ஜப்பானிய மொழி ஓர் எழுத்துகூடத் தெரிய வேண்டாம்.

எங்கள் பக்க வடிவமைப்பாளர் ஒருமுறை, தவளை மடிக்கும் படத்தில் அம்புக்குறிகள் அழகைக் கெடுக்கின்றன என்று எடுத்துவிட்டார். அந்தத் தவளையை மடித்து வாசகர்கள் அனுப்பிய போட்டோக்கள் இன்னும் என் மேசையில் கிடக்கின்றன. ஒன்றுகூடத் தவளை இல்லை, ஒன்று மட்டும் அவர் சாயலில் இருந்தது.

கற்பனைத் திறனா? படத்தில் உள்ளதை அப்படியே மடிப்பதில் கற்பனை எங்கே வந்தது? சொன்ன பேச்சு கேட்பது அது. மடித்த கொக்கை, இறக்கையை விரிப்பதற்கு முன் தட்டையாக இருக்கும்போதே பிரித்துப் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. சும்மா அடையாளத்துக்கு மடித்த கோடுகளைக் கழித்துவிட்டு, தாளின் உள்ளே ஏதாவது ஒரு புள்ளியில் கூடும் மடிப்புகளை எண்ணினால் மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் வித்தியாசம் எப்போதும் 2. சொந்தமாக உருவம் படைக்கிறவர்கள் இந்த மாதிரிக் கணக்கோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். காம்பஸும் குறியில்லாத ஸ்கேலும் மட்டும் வைத்து எந்தக் கோணம் கொடுத்தாலும் மூன்று சம பங்காக்கிவிடும் பொது வழி கிடையாது என்று 1837-லேயே நிரூபித்துவிட்டார்கள். காகித மடிப்பு அதைச் செய்துவிடும். வகுப்பில் காகிதம் மடித்ததற்காக என்னைப் பெஞ்ச் மேல் ஏற்றிய கணக்கு வாத்தியார் இந்தப் பக்கத்தைப் படிக்கிறாரா, தெரியவில்லை.