பாசியில் ஊறும் பூச்சிக்கு மருந்து எதற்கு? விதையைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, தங்கச்சிமடம் பக்கம் எங்கள் மகளிர் குழு மூங்கில் மிதவையில் பெப்சி பாசி (கப்பாஃபைகஸ் எனும் கடற்பாசி) வளர்க்கிறது. கயிற்றைத் தூக்கினாலே குட்டி இறால் மாதிரி பூச்சி கையெல்லாம் ஊறுகிறது. கட்டி மூன்று வாரம்கூட ஆகவில்லை, கிளைகள் நடுவில் வெளுத்து முறிந்து விழுகின்றன. இறால் பண்ணை மருந்துக் கடையில் ஒரு பாட்டில் தந்து, வாளியில் கலந்து விதைப்பாசியை முக்கிக் கட்டினால் பூச்சி அண்டாது என்கிறார்கள். முக்கலாமா? பூச்சியோடு காயவைத்தால் பாசியை வாங்குவார்களா?

பதில்: முக்காதீர்கள், சகோதரி. பாட்டிலைத் திறக்காமல் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்குங்கள்.

அவை ஆம்ஃபிபாட் எனும் சிற்றுயிர்கள். ஒரு கொத்துப் பாசியை வெள்ளைத் தட்டில் கடல்நீர் விட்டு உதறிப் பாருங்கள். பக்கவாட்டில் தட்டையாக, முதுகு வளைந்து, ஒருக்களித்தபடியே ஓடும். கூடவே நூல் மாதிரி மெலிந்த ஒன்று, பின்கால்களால் பாசியைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து நிமிரும். அதுவும் அந்த வகைதான். இவை பெரும்பாலும் மேய்வது பாசியின் மேல் படியும் அழுக்கையும் நுண்பாசியையும்தான். சில இனங்கள் பாசியையே கொறிக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கொறித்தால் தோலில் பள்ளம் தெரியும். நுனிகள் மொட்டையாகப் போயிருந்தால் அது ஓரா மீன் வேலை, மிதவைக்கு அடியில் வலை கட்டினால் தீர்ந்தது. நீங்கள் எழுதியிருப்பது நடுவில் வெளுப்பது. அது ஐஸ்-ஐஸ் எனும் பாசி நோய். வெயில், சூடேறிய தண்ணீர், மழையால் உப்பு குறைவது என்று ஏதோ ஒன்றில் பாசி நொந்துபோகிறது, பிறகு பாக்டீரியா ஏறுகிறது. அழுகிய இடத்துக்குப் பூச்சி கூடுவது அதற்கப்புறம்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, விதை, அதாவது கயிற்றில் கட்டும் பாசித் துண்டு, எங்கிருந்து வந்தது என்பது. கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

இந்தப் பூச்சிக்கு இறால் போல மிதந்து திரியும் குஞ்சுப் பருவம் கிடையாது. தாய் வயிற்றடிப் பையில் முட்டையைச் சுமக்கும்; பொரிந்து வருவதே குட்டிப் பூச்சியாகத்தான் வரும். அதனால் உங்கள் மிதவையில் இவ்வளவு கூட்டம் என்றால் பெரும்பகுதி விதைப்பாசியோடும் கழுவாத பழைய கயிற்றோடும் வந்ததாகவே இருக்கும். அதே விதையோடு பஞ்சு மாதிரி ஒட்டுப்பாசியும் வரும், நொந்த கிளையும் வரும்.

நம் கரையில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. 45 நாளில் அறுக்கும்போது நல்ல கொத்தையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டு, மிஞ்சிய கிழட்டுத் தண்டை விதைக்குக் கட்டுவது. இந்தப் பாசிக்கு இங்கே வித்து கிடையாது, வெட்டி வெட்டித்தான் இத்தனை வருடமாக வளர்க்கிறோம். 2013-இல் கடல் சூடேறிப் பாசி கூட்டமாகச் செத்ததைப் பார்த்த பிறகும் விதையில் கஞ்சத்தனம் என்றால் என்ன சொல்வது? ஒரு மிதவைக்கு 60 கிலோ விதை வேண்டும். குழுவில் ஒரு மிதவையை விதைக்கென்றே ஒதுக்குங்கள், அதை விற்கவே கூடாது. இளங்கிளையாக, வளைத்தால் படக்கென்று ஒடிவதாக, மயிர் மாதிரி ஒட்டுப்பாசி இல்லாததாகப் பார்த்து எடுங்கள். வாடைக் காற்று முடிந்து எல்லோரும் விதைக்கு அலையும் நேரத்தில், கோணியில் அமுக்கி மத்தியான வெயிலில் வண்டியில் வரும் பாசியைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். கோணிக்குள்ளேயே பாதி வெந்திருக்கும்.

கட்டும்முன் ஒவ்வொரு கொத்தையும் கடல்நீரில் அலசி, தூக்கி நாலு உதறு உதறுங்கள். பூச்சியில் பெரும்பாலானவை உதிர்ந்துவிடும். நல்ல தண்ணீரில் முக்கச் சொல்பவர்களும் உண்டு, பாசியே நொந்துபோகும். கட்டிய பிறகும் இரண்டு நாளைக்கு ஒருமுறை கயிற்றை ஆட்டிவிடுங்கள். சேறு தங்காத பாசியில் இவை அதிகம் குடியேறாது. வெளுத்த கிளையைக் கிள்ளிக் கரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள், அங்கேயே தண்ணீரில் போடாதீர்கள். மிதவை முழங்கால் ஆழத்தில் ஓட்டமில்லாத இடத்தில் கிடந்தால் ஆழத்துக்குத் தள்ளுங்கள்.

இப்போது அந்த பாட்டில். லேபிளில் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் என்று ‘மெத்ரின்’ இருக்கிறதா பாருங்கள். கத்தரிச் செடியின் புழுவுக்கு அடிக்கிற அதே சரக்கு. ஆம்ஃபிபாட், இறால், நண்டு எல்லாம் ஒரே சாதி. துளியளவு போதும், மூன்றும் சாகும். வாளியில் முக்கினாலும் மிச்சத்தைக் கடலில்தானே கொட்டுவீர்கள்? பக்கத்தில் நண்டு வலை போட்டிருப்பவர் உங்கள் வீட்டுக்காரராகக்கூட இருக்கலாம். இந்தப் பாசியிலிருந்து எடுக்கும் காரஜீனன் எனும் கெட்டிப்படுத்தும் பொருள் ஐஸ்கிரீமில் சேர்கிறது, சாறு பயிருக்கு ஊக்கியாகப் போகிறது. கடைக்காரருக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. இறால் குளத்துக்காரர்கள் வாங்குவதை நிறுத்தியதும் புதிய ஆள் தேடுகிறார், அவ்வளவுதான்.

விற்பனை பற்றி: அறுத்ததும் கடல்நீரில் ஒரு அலசு, அப்புறம் தார்ப்பாயிலோ வலை விரித்த பந்தலிலோ காயவையுங்கள். ஒன்றிரண்டு பூச்சி காய்ந்து உதிர்வதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். வெறும் மணலில் பரப்பினால்தான் எடையில் கழிப்பார்கள்.